ஸ்கேப்பா ஃப்ளோ கப்பல்கள்: பினாங்குக் கலங்கலில் முங்கிய பழக்கம் 13 டிகிரித் தண்ணீருக்குப் போதுமா?

செந்தூல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளுக்குப் போகிறேன். படகில் ஆறு நாள், ஒரு நாளைக்கு இரண்டு டைவ். முன்பணம் கட்டியாகிவிட்டது.

என் கணக்கு 160 டைவ். பெரும்பாலும் நம் மலேசியத் தீவுகளான பெர்ஹெந்தியான், தியோமான். போன வருடம் லாபுவானில் நான்கு கப்பல்களையும் பார்த்தேன். பினாங்கில் இருந்த மூன்று வருடத்தில் பூலாவ் பாயார் பக்கம் அடிக்கடி போவேன். அங்கே சில நாள் காலில் மாட்டிய ஃபின்னின் நுனிகூடத் தெரியாது. ஆக, கலங்கல் எனக்குப் புதிதில்லை. ஆனால் 26 டிகிரிக்குக் கீழே நான் முங்கினதே கிடையாது.

ஏன் அங்கே என்று கேட்பீர்கள். என் பாட்டி யாரையாவது வாயாரப் பாராட்ட வேண்டுமென்றால் "அவன் எம்டன்டா" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே இடைநிலைப்பள்ளியில்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல், ஐந்து வாரம் கழித்து அக்டோபர் 28 விடியலில் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்து 'ஜெம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அன்றிலிருந்து எனக்கு இந்தக் கப்பல்கள் மேல் ஒரு பிடிப்பு. அந்தக் கடற்படையின் மிச்சம் கிடப்பது ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்கேப்பா ஃப்ளோ கடலில்.

இரண்டு கேள்வி. கலங்கலில் பழகியது அங்கே எவ்வளவு உதவும்? தண்ணீர் புகாத டிரை சூட்டுக்குப் பதில், உடம்பு நனையும் 7 மில்லிமீட்டர் தடிப்பு வெட்சூட்டில் சமாளிக்க முடியுமா?

---

பத்து உபான்

தம்பி, நான் 22 வருடம் பட்டர்வொர்த் பக்கம் துறைமுக வேலைக்கு முங்கினவன். கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டுவது, பாலத் தூண்களைத் தடவிப் பார்ப்பது. தடவி என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். முகமூடிக் கண்ணாடியில் கையை வைத்தாலும் கை தெரியாது. பழுப்பாக ஒரு வெளிச்சம் மட்டும் இருக்கும், நான்கு மீட்டருக்குக் கீழே அதுவும் போய்விடும்.

அந்தக் கலங்கல் எனக்குக் கற்றுக்கொடுத்தது, கயிற்றை விடாதே என்பதுதான். கண் போனால் கை இருக்கிறது. விரலால் கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது, முடிச்சு எங்கே, வால்வு எங்கே என்று எல்லாம் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் நல்லதுதான்.

ஆனால் குளிர் முதலில் வாங்கிக்கொள்வது அந்த விரலைத்தான். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கும். இருபது நிமிடத்தில் விரல் கட்டையாகிவிடும். கலங்கலில் நீங்கள் நம்பியிருந்த ஒரே கருவி கையைவிட்டுப் போகும். அதனால் உங்கள் பாயார் அனுபவத்தைப் பாதியாகக் குறைத்துக் கணக்குப் போடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிப்ரவரி, பூக்கெட் பக்கம் கிங் க்ரூஸர். 1997 மே மாதம் பாறையில் மோதி மூழ்கிய ஃபெர்ரி அது, அடி 32 மீட்டர் இருக்கும். இறங்கும்போது தண்ணீர் 29 டிகிரி, பார்வை நல்ல 15 மீட்டர். பாதி டைவில் பச்சையாக ஒரு சுவர் ஆழத்திலிருந்து ஏறி வந்தது. அந்தமான் கடலில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆழத்துக் குளிர்நீர் அலையாக மேலே புரளும். கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் 23 காட்டியது. மூன்று மில்லிமீட்டர் உடுப்போடு இருந்தேன். மூச்சு தானாகவே வேகமெடுத்தது, கூட்டாளியின் ஃபின் மட்டும் தெரிந்தது, காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே மறந்துபோனேன். கலங்கலில் ஒருநாளும் நான் மறந்ததில்லை. அப்போதுதான் புரிந்தது, குளிர் விரலோடு நிற்பதில்லை, புத்தியையும் தொடுகிறது என்று. அதுவும் வெறும் 23 டிகிரியில். நீங்கள் போகும் இடத்தில் செப்டம்பரில் 13 இருக்கும்.

வெட்சூட் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். என் பதில் வேண்டாம் என்பது.

---

ஈயக்கட்டி

பத்து உபான் அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் இங்கிலாந்தில் படித்த நான்கு வருடமும் அங்கே முங்கினேன், இப்போது கிள்ளானில் இருக்கிறேன். உடுப்பு விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

7 மில்லிமீட்டரில் ஒரு டைவ் முடிக்கலாம். இரண்டாவது டைவுக்கு அதே ஈர உடுப்பை, படகுத் தளத்தில் காற்று அடிக்கும்போது, திரும்ப மாட்ட வேண்டும். அதுவும் ஆறு நாள். இன்னொன்று, வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பர் ஆழத்தில் நசுங்கும். 35 மீட்டரில் உங்கள் 7, பாதிகூட இருக்காது. குளிர் அதிகமான இடத்தில் உடுப்பு மெல்லிசாகிவிடும்.

டிரை சூட் வேறு கதை. அது உங்களை நனையாமல் வைத்திருக்கும், ஆனால் சூடு தருவது உள்ளே போடும் தடித்த உள்ளுடுப்பு. சூட்டுக்குள் காற்று இருப்பதால், மூழ்குவதற்குக் கட்டும் ஈயம் கூடும். பெர்ஹெந்தியானில் 4 கிலோ கட்டினவர் அங்கே 12, 14 கட்ட வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஏறும்போது விரியும். இடது தோளில் உள்ள வால்வைத் தூக்கிப் பிடித்து வெளியே விட வேண்டும். தெரியாமல் தலைகீழாகிவிட்டால் காற்று முழுக்கக் காலுக்குப் போய் உங்களை பலூன்போல மேலே தூக்கிவிடும். உடம்பைச் சுருட்டிக் குட்டிக்கரணம் அடித்து நிமிர வேண்டும். இதை ஒரு குளத்தில் பத்து தடவையாவது செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

கோலாலம்பூரில் பயிற்சி கிடைக்கும், தேடிக் கேளுங்கள். ஒரே எச்சரிக்கை: நம் ஊர் வெயிலில் உள்ளுடுப்போடு கரையில் நின்றால் பத்து நிமிடத்தில் தலை சுற்றும். மாட்டினவுடன் குளத்தில் இறங்கிவிடுங்கள். வாடகை சூட்டாக இருந்தால் கழுத்து ரப்பரைக் கையில் இழுத்துப் பாருங்கள். ஒரு கடையில் எனக்குக் கொடுத்ததில் நூலளவு கிழிசல் இருந்தது, 11 டிகிரித் தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. அந்த டைவை ஆறாவது நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். கழுத்து ரப்பர் மிகவும் இறுக்கமாக இருந்தாலும் ஆபத்து, கழுத்து நரம்பை அழுத்தி மயக்கம் வரும்.

அப்புறம் ரெகுலேட்டர், அதாவது டேங்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் கருவி. டேங்கில் அழுத்தமாக இருக்கும் காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும். வெளியே தண்ணீரும் குளிர்ந்திருந்தால் டேங்கோடு சேரும் முதல் பகுதியில் பனி கட்டி, வால்வு திறந்தபடியே நின்று காற்று கொட்டும். ஐரோப்பியத் தரத்தில் 10 டிகிரிக்குக் கீழே இருப்பதைத்தான் குளிர்நீர் என்கிறார்கள். உங்கள் 13 அதற்குச் சற்று மேலே. ஆனாலும் குளிர்நீருக்கென்று மூடி அடைத்த ரெகுலேட்டரையே எடுத்துப் போங்கள். படகில் நின்றபடி அதை வாயில் வைத்துச் சோதிக்காதீர்கள். டிரை சூட்டுக்கும் மிதப்பு ஜாக்கெட்டுக்கும் காற்று ஊதும்போது அதே நொடியில் மூச்சு இழுக்காதீர்கள்.

---

செந்தூல்வாசி

சரி, வெட்சூட் யோசனையைக் கைவிட்டேன். டிரை சூட் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அண்ணன் சொன்ன விரல் விஷயம்தான் மனதில் நிற்கிறது. இங்கே அதை எப்படிப் பழகுவது?

---

தண்ணீர்மலை

நான் டைவ் செய்கிறவள் இல்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள், எம்டன் என்ற பெயரைப் பார்த்து உள்ளே வந்தேன்.

தம்பி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பினாங்குக்கு வந்த எம்டன் 1914 நவம்பர் 9-ஆம் தேதியே கோக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டிவிட்டது. ஆனால் அதே பெயரில் ஜெர்மானியர்கள் இரண்டாவது எம்டனைக் கட்டினார்கள். போர் முடிந்து 74 கப்பல்களை ஸ்கேப்பா ஃப்ளோவில் நிறுத்திவைத்தபோது அந்த இரண்டாவது எம்டனும் அங்கே இருந்தது. 1919 மார்ச்சில் தளபதி ரொய்ட்டர் தன் கொடியை அதற்கே மாற்றினார். ஜூன் 21 அன்று அவர் உத்தரவில் கப்பல்களை அவர்களே மூழ்கடித்தார்கள். 52 கப்பல் போனது. ஆனால் எம்டனை ஆங்கிலேயர் இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள், பிறகு பிரான்சுக்குப் போய் 1926-இல் உடைபட்டது.

ஆக எம்டன் அங்கே இல்லை. ஆனால் அதன் உடன்பிறப்பு இருக்கிறது. கார்ல்ஸ்ரூஹே. ஒரே வகுப்புக் கப்பல். தம்பி அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து. அந்த விடியலில் அதில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அவர்கள் நினைவுக்கல் இருக்கிறது, ஜெரெஜாக் தீவிலும் கல்லறை இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நம்மில் எத்தனை பேர் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கல்லைப் பார்த்திருப்போம்? கப்பலைப் பார்க்க அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை நின்றுவிட்டுப் போங்கள்.

---

செந்தூல்வாசி

அக்கா, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. படகுக்காரருக்கு இன்றே எழுதுகிறேன், முதல் டைவ் கார்ல்ஸ்ரூஹே என்று. கல்லறைக்கும் கட்டாயம் போவேன்.

---

ரிங்கிப்பாலம்

எல்லாரும் குளிரையே பேசுகிறீர்கள். உள்ளே நுழைவது பற்றி யாரும் சொல்லவில்லையே? லாபுவானில் சிமெண்ட் கப்பலுக்குள் நான் போயிருக்கிறேன், பெரிய விஷயமில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவதா?

---

பத்து உபான்

லாபுவான் சிமெண்ட் கப்பல் 1980-இல் மூழ்கியது, நேராக நிற்கிறது, கதவுகள் அகலம். ஸ்கேப்பாவில் கிடப்பது நூறு வருடம் துருப்பிடித்த இரும்பு. அதிலும் பெரிய போர்க்கப்பல்கள் மூன்றும், கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப், பெரும்பாலும் குப்புறக் கவிழ்ந்து கிடக்கின்றன. மேல்தளம் கீழே, அடிப்பகுதி மேலே. உள்ளே போனால் எது கூரை எது தரை என்றே தலைக்குள் மாறிப்போகும். பழைய இரும்புக்காக வெடிவைத்துப் பிளந்த பகுதிகள் வேறு.

சேறு கிளம்புவது மட்டும் பிரச்சினை இல்லை. நாம் விடும் மூச்சுக் குமிழி கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். ஃபின்னை அசைக்காமல் நின்றாலே பார்வை போகும். போகும்போது கண்ணாடிபோல இருந்த வழி, திரும்பும்போது தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கே ரீல் கயிறு வெளியிலிருந்தே கட்டியிருக்க வேண்டும், விரலும் வேலை செய்ய வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. குளிரில் மூச்சு கூடுவதால் அந்த மூன்றில் ஒன்றையும் குறைத்துத்தான் நான் கணக்கெடுப்பேன்.

முதல் பயணத்தில் உள்ளே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவனை ஒரு கப்பலின் இயந்திர அறையிலிருந்து நாங்கள் கைகளால் தடவித்தான் கண்டுபிடித்தோம். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

---

ரிங்கிப்பாலம்

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. புரிந்தது.

---

ஈயக்கட்டி

இதையும் சேர்த்துவிடுகிறேன். ஸ்கேப்பாவில் இன்னும் மிஞ்சிக் கிடக்கும் ஏழு ஜெர்மன் கப்பல்களும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். பார்க்கலாம், ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. அதே கடலில் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக் ஒரு போர்க்கல்லறை, 1939 அக்டோபர் 14 அன்று 830-க்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். அங்கே முங்கவே தடை.

நம் பக்கம் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. குவாந்தான் கடலில் கிடக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டும் 1941 டிசம்பர் 10 அன்று ஏறக்குறைய 840 பேரோடு மூழ்கியவை. இரும்புத் திருடர்கள் அவற்றைக் கிழித்துத் தின்றார்கள். 2023-இல்தான் ஒரு திருட்டுக் கப்பலைப் பிடித்தார்கள். பினாங்குக்குத் தென்மேற்கே கிடந்த ஜப்பானியக் கப்பல் ஹாகுரோவையும் விடவில்லை. நாமும் முங்குகிறவர்கள்தான். நம் கையில் துரு தவிர ஒன்றும் ஒட்டி வரக்கூடாது.

---

பூச்சோங் நர்ஸ்

ஒரு மருத்துவக் குறிப்பு. டைவர்களுக்கு அழுத்த அறையில் சிகிச்சை தரும் ஹைபர்பாரிக் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவள் நான்.

அடியில் சூடாக இருந்து, ஏறும்போது குளிர்ந்தால், உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டும் டீகோ நோய் வரும் வாய்ப்பு கூடும். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகவே வந்தது. காரணம் எளிது. அடியில் ரத்தம் நன்றாக ஓடும்போது திசுக்கள் நைட்ரஜனை நிறைய வாங்கிக்கொள்கின்றன. பிறகு கை கால் குளிர்ந்து ரத்தநாளம் சுருங்கினால் அந்த நைட்ரஜன் வெளியே வர வழியில்லை. பேட்டரிச் சூட்டு உடுப்பு போடுபவர்கள் அடியில் முழுச் சூடு வைத்து, ஏறும்போது பேட்டரி தீர்ந்து நடுங்குவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள், ஏறும்போது சூடு இருக்கட்டும். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நைட்ராக்ஸ் 32, அதாவது 32 சதவீத ஆக்சிஜன் கலவை, எடுத்தால் 33 மீட்டர்வரைதான், அதை மறக்க வேண்டாம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள்.

தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். குளிரில் சிறுநீர் அதிகம் போகும், சூட்டைக் கழற்ற வேண்டுமே என்று பலர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். உடம்பு வறண்டால் ஆபத்து கூடும்.

---

செந்தூல்வாசி

ஜூலை நிலவரம். டிரை சூட் வகுப்பு முடிந்தது. முதல் நாள் குளத்தில் இரண்டு தடவை காலால் மேலே போய்விட்டேன். நான்காவது நாள்தான் சுருண்டு நிமிர்வது தானாக வந்தது.

விரல் பயிற்சிக்கு ஒரு வழி கிடைத்தது. என் மாமா செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் வியாபாரம். அதிகாலை நான்கு மணிக்கு அவர் கடையில் ஐஸ் பெட்டி ஒன்றில் பாதி உடைத்த ஐஸ், பாதி தண்ணீர். 5 மில்லிமீட்டர் கையுறை போட்டு முழங்கைவரை விட்டுக்கொண்டு ரீல், கொக்கி, சிறிய டார்ச் மூன்றையும் கழற்றி மாட்டுவேன், கண்ணை மூடிக்கொண்டு. முதல் நாள் ஏழு நிமிடத்தில் கொக்கியின் நாக்கை அழுத்த முடியவில்லை. கட்டைவிரல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. கொக்கி சிறிது, அதுதான் காரணம் என்று புரிந்து எல்லாவற்றையும் பெரிய கொக்கியாக மாற்றினேன். ஒவ்வொன்றையும் எப்போதும் ஒரே இடத்தில். இப்போது 20 நிமிடம் தாக்குப்பிடிக்கிறது.

பிறகு பினாங்கு போயிருந்தேன். வெஸ்டர்ன் ரோடு நினைவுக்கல்லில் ஒரு மாலை வைத்தேன், அக்கா.

---

தண்ணீர்மலை

நன்றி தம்பி. கண் கலங்கிவிட்டது.

---

செந்தூல்வாசி

போய் வந்தாயிற்று. அக்டோபர் முதல் வாரம், செந்தூல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் டைவ் கார்ல்ஸ்ரூஹே. தண்ணீர் 13. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது பச்சை, அப்புறம் கரும்பச்சை. 18 மீட்டர் இருக்கும், ஒரு நிழல் முழுக் கண்ணையும் அடைத்தது. பார்வை எட்டு மீட்டர். நம் கடலில் கப்பல் என்றால் பவளமும் மீன்கூட்டமும். இங்கே இரும்பு முழுக்க வெள்ளை, ஆரஞ்சு நிறத்தில் அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிர்கள் தண்டுபோல நிற்கின்றன, மெல்லிய கைகளுள்ள கடல் நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. பின்பக்கம் பீரங்கி ஒன்று. 15 சென்டிமீட்டர் வாய். டார்ச்சை உள்ளே அடித்தேன், ஒரு நண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. எம்டனின் உடன்பிறப்பு என்று நினைத்தபோது பாட்டியின் குரல் அப்படியே காதில் கேட்டது.

குளிர், நீங்கள் எல்லாரும் சொன்னது போலவே. உடம்பு தாங்கியது. உதடு மரத்தது. 25-ஆவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு சின்னத் தாமதம். அளவுமானியைப் பார்க்கிறேன், எண்ணும் தெரிகிறது, ஆனால் அது நிறையவா குறைவா என்று புரிய ஒரு நொடி கூடுதலாக ஆகிறது.

நான்காம் நாள் க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம். இரவெல்லாம் காற்று, பார்வை மூன்று மீட்டர். 34 மீட்டரில் கவிழ்ந்த கப்பலின் ஓரமாகப் போனோம். திரும்பும்போது எங்கள் குழுவுக்கு முன்னால் போனவர்கள் சேற்றைக் கிளப்பியிருந்தார்கள், இறங்கிய கயிறு கிடைக்கவில்லை. கூட்டாளி என் கையைப் பிடித்தார், சரியா என்று டார்ச்சால் வட்டம் போட்டார், நானும் போட்டேன். இரண்டு நிமிடம் தேடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கிடைக்கவில்லை. மிதவையை ஊதி மேலே விட வேண்டும்.

இடது பக்கம், பெரிய கொக்கி, நாக்கை அழுத்து, ரீலை எடு. கண்ணால் பார்க்கவே இல்லை. கை ஐஸ் பெட்டியில் செய்ததை அப்படியே செய்தது. மிதவை மேலே போனது, ரீல் சுழன்றது, கயிற்றைப் பிடித்தபடி இருவரும் ஏறினோம். நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கும் ஆறு மீட்டர் நிறுத்தத்தில் பல் அடித்துக்கொண்டது, ஆனால் பயம் இல்லை. படகு இருபது மீட்டர் தள்ளி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உள்ளே நுழையவில்லை. ஒரு கதவு வாயில் கொஞ்ச நேரம் நின்றேன், போக வேண்டும் என்று இருந்தது. அண்ணன் எழுதியது நினைவு வந்தது. திரும்பிவிட்டேன்.

---

பத்து உபான்

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தம்பி. நல்லபடியாக வந்ததே போதும்.

ஒரு கேள்வி. கையுறை ஈரமா, உலர்ந்ததா? என் மருமகள் அடுத்த வருடம் போகிறேன் என்கிறாள்.

---

செந்தூல்வாசி

முதல் இரண்டு நாள் ஈரக் கையுறை அண்ணே. மூன்றாம் நாள் படகிலிருந்த ஒருவர் உலர் கையுறை கடன் கொடுத்தார், உள்ளே கம்பளி. சூடு நன்றாக இருந்தது, ஆனால் தடிப்பு வேறு, கொக்கி பிடிபட ஒரு டைவ் ஆனது. உலர் கையுறைதான் வாங்க வேண்டும், இங்கேயே வாங்கி அதைப் போட்டே ஐஸ் பெட்டியில் பழகச் சொல்லுங்கள். மாமாவிடம் சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமை வேண்டாம், அன்று கூட்டம். மற்ற நாள் நான்கு மணிக்கு வந்தால் பெட்டி தயாராக இருக்கும்.